கன்னிமார் கல்லும் என் சுண்டுவிரலும்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிணறு வெட்டப் போனேன், பாறைக்கு வெடி வைத்தேன், கிணற்றுக்குள் இறங்கிக் கல்கட்டு கட்டினேன். அப்படித்தான் வடகரப்பதிப் பக்கம் இந்தத் தென்னந்தோப்பு வந்தது. ஒருவனும் எனக்கு ஒரு கைப்பிடி மண் சும்மா கொடுத்ததில்லை. எங்கள் வார்டில் நீர்த்தடக் கமிட்டி அமைத்தபோது தலைவர் பதவிக்கு வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தாலும் நான் உட்கார வைத்திருப்பேன்.

கமிட்டியின் வேலை, பெய்கிற மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது. மேட்டு நிலங்களில் குறுக்கே வரப்பு போட்டோம், வரப்பு மேல் வெட்டிவேர் நட்டோம். நூறு நாள் வேலைக்கு வந்த தொழிலுறப்புப் பெண்கள் மண் வெட்டினார்கள், ஆண்கள் கல் சுமந்தோம். ஒருவன் தன் காட்டில் போட்ட வரப்பை டிராக்டர் விட்டு உழுதான். அவன் சட்டையைப் பிடித்து அதே இடத்தில் உருட்டி எடுத்தேன். மறுநாள் மண்வெட்டியோடு அவனே வந்து நின்றான். நம் ஜனத்துக்கு மீட்டிங் போட்டால் ஏறாது.

கடைசியாக, மலையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கி ஓடும் பள்ளத்தின் குறுக்கே கல்லணை. சிமெண்ட் கிடையாது, கல்லோடு கல்லைக் கவ்வவைத்து நான் கட்டியது. அணைக்குக் கொஞ்சம் கீழே, கரையோரத்தில், என் மனைவியின் தம்பி மாடு கட்டும் சாளை. அவன் வந்து பார்த்தான்.

"ஏனுங் மாமா, நடுவால வெள்ளம் வழியறதுக்கு ஒரு வாய் உடுங்க. மல மேல பெஞ்சா தண்ணி அணையச் சுத்திக்கிட்டு என்ற சாளைக்குத்தானுங் வரும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் புகை வருகிற பூமியில் ஒருவன் வெள்ளம் என்கிறான்!

"வெள்ளமா? உன்ற கெணத்துக்குத் தண்ணி வேணுமுன்னு நேராக் கேளு மாப்ள. ஒரு சொட்டு கீழ எறங்காது."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அணை முடிந்ததும் நடு உச்சியில் தலைக்கல் வைத்து, அதன் மேல் கன்னிமாருக்குச் சேவல் அறுப்போம். ரத்தம் பட்ட கல்லை அப்புறம் யாரும் அசைக்கக் கூடாது. சேவலை நானே அறுத்தேன். அது தலையில்லாமல் அணை மேல் நெடுகத் துள்ளி விழுந்தது.

மறுநாள் காலையில் அவன் கடப்பாரையோடு வந்து அந்தக் கல்லையே நெம்பினான். நான் மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். நெற்றி பிளந்து அவன் ரத்தமும் கல் மேல் கொட்டியது. அவன் கடப்பாரையைச் சுழற்றினான். என் விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனாலும் விடவில்லை. இருவரும் கட்டிப் புரண்டு பள்ளத்துக்குள் விழுந்தோம். நான் அவன் காதைக் கடித்தேன், அவன் என் கழுத்தை நெரித்தான். பெண்கள் எங்கள் கண்ணில் மணலை வாரி அடித்துத்தான் பிரித்தார்கள். என் மனைவி முந்தானையை அவன் நெற்றியில் அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"என்ற தம்பியக் கொல்றதுக்கா கன்னிமாருக்குக் கோழி அறுத்தீங்க? அந்தக் கத்திய இங்க குடுங்க, உங்களையும் அறுத்துப்போட்டர்றேன்!"

ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. அவன் நெற்றியில் தையல் போட்டார்கள். கல்லை நான் பழையபடி வைத்தேன்.

தையல் பிரிப்பதற்கு முன்பே மழை வந்தது. மலைப்பக்கம் கறுத்து, மத்தியானம் பள்ளம் உறுமிக்கொண்டு வந்தது. வேரோடு மரம், செத்த ஆடு, யாருடைய வீட்டுக் கூரைத் தகரமோ, எல்லாம் அணையில் வந்து மோதின. அணை அசையவில்லை. நான் கட்டியது எப்படி அசையும்? தண்ணீர்தான் வேறு வழி பார்த்தது. அணை கரையைவிட உயரம். வெள்ளம் கரையைத் தின்றுகொண்டு சாளையைச் சுற்றியது. உள்ளே அவன் மனைவி மாட்டுக் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் பாய்ந்ததில் அவளால் வெளியே வர முடியவில்லை. ஒரு கன்றுக்குட்டி என் கண்ணெதிரே சுழன்று போனது.

இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பனையில் கட்டிவிட்டு, கடப்பாரையோடு அணை மேல் ஓடினேன். பின்னால் அவனும் கட்டுப்போட்ட தலையோடு வந்தான். தலைக்கல்லைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"மாமா, ரத்தம் பட்ட கல்லுங்."

"உன்ற ரத்தமுந்தாண்டா பட்டிருக்குது. புடி!"

இருவரும் நெம்பினோம். நான் கட்டிய கட்டு லேசில் விடுமா? விலாவில் கத்தி இறங்குவது போல வலித்தது. கல் புரண்டபோது என் இடதுகைச் சுண்டுவிரல் அதற்கும் கடப்பாரைக்கும் நடுவில் மாட்டி நசுங்கித் துண்டாகி அங்கேயே விழுந்தது. பிறகு ஒவ்வொரு கல்லாகத் தள்ளினோம். நடுவில் வாய் திறந்ததும் வெள்ளம் அதில் பீறிட்டு இறங்கியது. கால் இடறி அவன் உள்ளே போகப் பார்த்தான். முடியைப் பிடித்து இழுத்தேன். நெற்றித் தையல் மறுபடி பிரிந்தது. கரையில் தண்ணீர் வடிந்த பிறகு அவன் மனைவி மாடுகளோடு நடந்து வந்தாள். எங்களைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு மேட்டுக்குப் போனாள்.

மழை ஓய்ந்து அணையைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, வாய் எந்த இடத்தில் விடுவது என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நான் பேசுவதற்குள் என் மச்சினன் முந்திக்கொண்டான்.

"மாமாவோட வெரலு எங்க கெடக்குதோ, அங்கயே உடுங்க. கன்னிமாரு எடம் பாத்துக் குடுத்தது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒன்பது விரலால் கயிறு பிடித்து அந்த வாயை அளந்து விட்டது நான்தான். அதற்கப்புறம் வந்த மழையெல்லாம் அதன் வழியாகத்தான் அடக்கமாக இறங்கிப் போகிறது.