கட்டில் கம்பியில் ஒரு சைக்கிள் மணி

என் அக்கா தைரியசாலி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மூன்று வாரம் தெரு முழுக்க அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவள் என் அக்கா. அவள் கத்தியோடு வந்த இரண்டு பேரைப் பேச்சாலேயே வெளியே அனுப்பினாள் என்றால், தங்கைக்காரி சும்மா இருக்க முடியுமா? எனக்கு இருப்பது ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு பக்கம் நகல் எடுக்க வந்தவர்கள் கூட முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

அக்காவின் வேலை, படுத்த படுக்கையாக இருப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை. நர்ஸ் படிப்பெல்லாம் கிடையாது. ஏஜென்சியில் பத்து நாள் பயிற்சி கொடுத்து ஒரு நீலக் கோட்டு மாட்டி அனுப்பினார்கள். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அவள் ‘சிஸ்டர்’.

இரண்டு வருடமாக அவள் பார்த்துக்கொண்டது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மேடத்தை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் வாயும் காதும் மட்டும் பழுதில்லை. மாலையில் வேலை முடிந்து வருகிற தம்பிதான் ராத்திரி துணை. முப்பத்தொரு வருடம் யார் யாரோ பேசுவதைக் காதில் வாங்கிய மேடம், ஒரு வார்த்தையைக்கூட வெளியே விட்டதில்லையாம். “லைன்ல கேட்டத லைன்லயே விட்டுடணும். அதுதான் எங்க வேலை” என்று அக்காவிடம் அடிக்கடி சொல்வார்.

கூப்பிட்டால் அடுக்களைக்குக் கேட்பதில்லை என்று, தம்பி ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்து கட்டில் கம்பியில் முடுக்கிவிட்டார். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் மலஜலத்துக்குப் பெட்பேன். விடாமல் அடித்தால், உடனே வா, எதற்கென்று வந்தபிறகு யோசிக்கலாம் என்று அர்த்தம். அக்கா இதைச் சொல்லும்போது நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் யாரோ சைக்கிளில் இரண்டு தடவை மணியடிக்க, “இதோ வந்துட்டேன் மேடம்” என்று பையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்கும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதே நான் ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஆட்கள் வந்தது மதியம் ஒன்றரை மணிக்கு. நெட்டையாக ஒருவன், குட்டையாக ஒருவன். தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் என்றார்கள். யார் வந்தாலும் தனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று மேடத்தின் தம்பி ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அக்கா பாதிச் சாப்பாட்டில் இருந்தாள். எச்சில் கையோடு போய்த் திறந்துவிட்டாள்.

கத்தியை எடுத்தவன் நெட்டை. அக்காவின் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். திறந்திருந்த அறைக்கதவு வழியாக மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். உடனே மணிக்குக் கையை நீட்டினார். டிரிங் டிரிங் என்று விடாமல் அடிக்கிறார். குட்டை பதறிப்போய், “அத நிறுத்துடா” என்றான். நெட்டை உள்ளே போனான். மணியைப் பிடுங்கவில்லை. மேடத்தின் தலைக்குக் கீழே இருந்த தலையணையை உருவிக் கையில் எடுத்தான்.

அந்த நொடியில்தான் அக்காவுக்குப் புத்தி வேலை செய்தது. அவள் சிரித்தாள். “அட விடுங்கண்ணா, அது எப்பவும் அப்படித்தான் அடிச்சிட்டே கெடக்கும். கீழ்வீட்டுல எல்லாருக்கும் காது மரத்துப்போச்சு. ஒருத்தரும் வரமாட்டாங்க” என்றாள். அதோடு நிற்காமல் மேடத்தைத் தாறுமாறாகத் திட்டினாள். அவள் திட்டத் திட்ட நெட்டையின் கை தளர்ந்தது. பீரோ சாவி இருக்கிற இடத்தை அவளே காட்டினாள். “ரெண்டு மணிக்குத் தம்பிக்காரர் டாக்டரக் கூட்டிட்டு வருவாரு, சீக்கிரம் முடிங்க” என்று ஒரு பொய்யை விட்டாள். “போறப்ப என்னையும் கட்டிப்போட்டுட்டுப் போங்க. இல்லன்னா என் மேலதான் சந்தேகப்படுவாங்க” என்றாள். “பொழச்சுக்குவ நீ” என்று சொல்லிக்கொண்டே நெட்டை துணி காயப்போடுகிற கயிற்றால் அவளைக் கட்டினான். பத்தே நிமிடம். இரண்டு வளையல், ஒரு கைக்கடிகாரம், ஒரு பழைய கேமரா, இவற்றோடு போய்விட்டார்கள்.

அவர்கள் போனபிறகு மேடம் மறுபடி மணியடித்தார். கால் மணி நேரம் விடாமல் அடித்திருக்கிறார். கீழ்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று மேலே ஏறிவந்து அக்காவின் கட்டை அவிழ்த்துவிட்டார்.

போலீஸ்காரர் தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டினார். மேடமும் வந்தவர் போனவரிடமெல்லாம், “என்னமா நடிச்சா தெரியுமா! இவ இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல” என்றார். ஏஜென்சிக்காரர் ‘சமயோசித புத்திக்கு’ என்று அச்சடித்த ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். நான் அதை நாற்பது நகல் எடுத்தேன். கடை வாசலில் ஒன்று, மெஷின் மேல் ஒன்று, பக்கத்து மருந்துக்கடையில் ஒன்று. “எங்க குடும்பத்துக்கே சமயத்துல புத்தி வேலை செய்யும்” என்று பெருமை பீற்றிக்கொண்டேன். அக்கா கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வெட்கம்தான், ஆனால் நான் நினைத்த வெட்கம் இல்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, “மேடம் இப்பல்லாம் நல்லா தூங்கறாங்க. மணியே அடிக்கறதில்ல” என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “உனக்கும் கொஞ்சம் ஓய்வுதான்” என்றேன் நான்.

மூன்றாவது வாரம், துணி மாற்றும்போது மேடத்தின் இடுப்பில் புண்ணைப் பார்த்தாள். ஒரு பாட்டில் மூடி அளவுக்குத் தோல் கறுத்து உரிந்திருந்தது. படுக்கைப் புண். ஒரே பக்கமாகக் கிடந்தால் வருவது. வந்து பார்த்த டாக்டர், “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டறீங்களா?” என்று கேட்டார். மணி அடிக்கவில்லை, அதனால் புரட்டவில்லை என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. தண்ணீர் டம்ளர் பாதிக்கு மேல் காலியானதில்லை. சூப் இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும், வெளியே வந்தால்தானே அக்காவைக் கூப்பிட வேண்டும்! மேடம் கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா கை கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்து, திருடர்களிடம் மேடத்தைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை எனக்குச் சொன்னாள்.

“‘இந்தப் பொணத்துக்காகவா நான் உயிர விடப்போறேன்? ரெண்டு வருஷமா இதோட மலத்த அள்ளி அள்ளி என் கையால எனக்கே சாப்பிடப் பிடிக்கல. அந்த மணிச்சத்தம் கேட்டாலே கழுத்த நெரிச்சிடலாம் போல இருக்கு. போய்ச் சேரவும் மாட்டேங்குது’ன்னு சொன்னேன். இன்னமும் சொன்னேன். அவங்க உடம்பு நாத்தத்தப் பத்தியெல்லாம் சொன்னேன். அவங்க என்னையே பாத்துட்டுப் படுத்திருந்தாங்க.”

“உயிரக் காப்பாத்தத்தானேக்கா சொன்ன? நடிப்புதானே அது?”

“நடிக்கணும்னா யோசிக்கணுமில்ல? நான் யோசிக்கவே இல்ல. எல்லாம் வரிசையா வந்து விழுந்துச்சு. உள்ள ஏற்கெனவே அடுக்கி வச்சிருந்த மாதிரி.”

சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்குகிறது. அதைக் கழற்றவும் தோன்றவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் முடியவில்லை. மறுநாள் கடைக்குப் போனதும் முதல் வேலையாக ஒட்டியிருந்த நகல்களைக் கிழித்தேன். பசைத் தடம் மட்டும் போகவில்லை. கதை கேட்க வந்தவர்களிடம் மெஷின் ரிப்பேர் என்றேன்.

அக்கா மேடத்திடம் பேசினாள். புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்தான் கேட்க முடிந்ததாம்.

“மணி அடிங்க மேடம். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“எதுக்கும்மா? நீதான் நேரத்துக்கு வந்து எல்லாம் செய்யறியே.”

“அன்னிக்கு நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க.”

“லைன்ல கேட்டத நான் லைன்லயே விட்டுட்டேன். எல்லார்கிட்டயும் நடிப்புன்னுதானே சொல்றேன்?”

“அப்ப ஏன் கூப்பிட மாட்டேங்கறீங்க?”

“கூப்பிட்டா வருவ. சிரிச்சுக்கிட்டே வருவ. அந்தச் சிரிப்ப எனக்கு இப்ப பாக்க முடியலம்மா” என்றார்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொன்னேன். “விட்டா, சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிடும்” என்றாள். அதனால் தினமும் போனாள். தன் கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு, கூப்பிடாமலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டினாள். தண்ணீரைக் கெஞ்சிக் கொடுத்தாள். புண் ஆறத் தொடங்கியது. மணி மட்டும் அடிக்கவில்லை. அக்கா தினமும் அதைத் துடைத்துவைத்தாள். ஒருநாள் எண்ணெய் கூட விட்டாள், துருப்பிடித்துத்தான் ஒருவேளை அடிக்க முடியவில்லையோ என்கிற மாதிரி. மாலை வீட்டுக்குள் நுழையும்போதே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். இன்றைக்கும் அடிக்கவில்லை.

போன மாதம் அக்காவுக்கு நல்ல காய்ச்சல். ஏஜென்சியில் மாற்று ஆள் இல்லை. ஒரு நாள்தானே என்று நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். மேடத்தின் தம்பி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நான் அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

டிரிங். டிரிங்.

டம்ளர் கையிலிருந்து நழுவியது. ஓடினேன். மேடம் சாதாரணமாகப் படுத்திருந்தார். “அந்தப் பக்கமா கொஞ்சம் திருப்பிவிடும்மா” என்றார். அரை மணி கழித்து ஒரு தட்டு, தண்ணீர். பிறகு மூன்று. எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தேன். மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பரவால்ல. மூஞ்சியச் சுளிச்சுக்கோ. ஒண்ணும் தப்பில்ல” என்றார். அன்று முழுவதும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முழு டம்ளராக நாலு தடவை தண்ணீர் குடித்தார்.

கிளம்பும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “என்னைக் கூப்பிடறீங்க. அக்காவ ஏன் மேடம் கூப்பிடறதில்ல?” என்றேன்.

“நீ நாளைக்கு வரமாட்டேல்ல” என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா போர்வைக்குள் கிடந்தாள். செருப்பைக் கழற்றக் கூட விடவில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டாள். கண் இரண்டும் காய்ச்சலில் சிவந்திருந்தது.

“மணி அடிச்சாங்களா?”

“இல்லையேக்கா” என்றேன். யோசிக்கவே இல்லை. “ஒரு தடவ கூட அடிக்கல. நானா போய்ப் போய்ப் பாத்துக்கிட்டேன்.”

அக்கா என்னையே பார்த்தாள். “அப்ப யாருக்குமே அடிக்கறதில்ல” என்றாள் மெதுவாக. “எனக்கு மட்டும்னு நெனச்சேன்.” படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஐந்தே நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

என் பொய் வெளியே வராது. மேடம் எதையும் வெளியே விடுகிறவர் இல்லை. நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.