ஒரே துணியில் இரண்டு பாவாடை

ஊதா நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட அந்தப் பாவாடையைப் போல் நான் வேறெதையும் வெறுத்ததில்லை. தசராவுக்கு மைசூரே புதுத்துணி உடுத்தி நிற்க, அம்மா ஒரே துணியை வெட்டி இரண்டு பாவாடையாகத் தைத்துவிட்டாள். ஒன்று எனக்கு. இன்னொன்று சித்தி மகளுக்கு.

சித்தி இறந்தபின் அப்பாதான் ஹனூருக்குப் போய் அவளைக் கூட்டிவந்தார். இருவருக்கும் ஏழு வயது. அதுவரை எனக்கு முழுசாகக் கிடைத்த அவித்த முட்டையை அம்மா தையல் நூலால் அறுத்து, ஆளுக்குப் பாதியாக வைக்க ஆரம்பித்தாள். ஜன்னலோரம் படுக்கக்கூட முறை வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நானா, அவளா, யாரு உன்ற பொண்ணு?"

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான் கண்ணு."

இது என்ன அநியாயம்! நேற்று வந்தவளும், பிறந்ததிலிருந்து இருக்கிற நானும் எப்படி ஒன்றாவோம்? அவளோ வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டாள். அது இன்னும் எரிச்சல்.

அப்பா பஸ் டிரைவர். பண்டிகையில் லீவு கிடையாது. அம்மாதான் எங்களை யானை ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனாள். பூக்காரி ஒருத்தி எங்கள் பாவாடைகளைப் பார்த்துவிட்டு, இரட்டைப் பிள்ளைகளா என்று கன்னடத்தில் கேட்டாள். அம்மா சிரித்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள். பச்சைப் பொய்! கையை உதறிக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் தேடட்டும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது சுற்றிலும் தெரியாத முகங்கள்.

எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. ஒரு போலீஸ்காரர் என் பாவாடையை உற்றுப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தார். கண்ணில் பட்ட போலீஸ்காரர்களிடமெல்லாம் அம்மா சித்தி மகளை இழுத்துப்போய் நிறுத்தி, இதே பாவாடை, இதே உயரம் என்று கெஞ்சியிருக்கிறாள். எனக்கு அது பின்னால்தான் தெரியும்.

அம்மா ஓடிவந்து என்னை வாரித் தூக்கினாள். "என்ற பொண்ணு, என்ற பொண்ணு" என்று அழுதாள். அதைத்தானே இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்! பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னை இறக்கவேயில்லை.

அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தேன். என் காலிலிருந்து நழுவிய செருப்பை எடுத்துக்கொண்டு சித்தி மகள் தனியாக நடந்து வந்தாள். அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். அவளுக்கும் ஏழு வயதுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.