கடல்காரனுக்குச் சட்டை மாட்டினார்கள்

கடலுக்கடியில் ஒரு ராஜா இருந்தான். காமிக்ஸ் புத்தகத்தில்தான். கழுத்தின் இரண்டு பக்கமும் மீனுக்கு இருப்பதுபோல் செவுள், இடது கண்ணோரம் ஒரு தழும்பு, இடுப்பில் துண்டுத் துணி, மேலே சட்டை கிடையாது. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவனுக்குக் கடல்காரன் என்று பேர். புத்தகத்தில் வாயில் நுழையாத வேறு ஏதோ பேர் போட்டிருப்பார்கள், அது நமக்கு வேண்டாம். அவனை வைத்துப் பிழைத்தவர்கள் அவனை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைச் சொல்லப் போகிறேன். அதைச் சொன்னால் என் அண்ணனைப் பற்றியும் சொல்லித்தான் தீரவேண்டும்.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கடலைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அம்மா மடியில் வாந்தியெடுத்தது மட்டும்தான். அண்ணன் என்னைவிடப் பெரியவன், கடலை முழுசாகப் பார்த்தவன் தான் ஒருத்தன்தான் என்று ரொம்ப நாள் பீற்றிக்கொண்டிருந்தான். சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை கொடுத்து, லயத்தில் ஒரு வீடும் கொடுத்தார்கள். அதற்கு நன்றியாக அப்பா சாகிறவரை கும்பிட்ட கையை இறக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கும்பிடு, ஆபீஸ் வாசலில் கும்பிடு, லீவு கேட்கப் போனாலும் கும்பிடு. இலங்கையில் இருந்தபோது எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்களாம். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் ஆகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் 'ஏய் கப்பலு' என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன், அதுதான் என் பேர் என்றாகிவிட்டது.

பஜாரில் ஒரு மலையாளி சேட்டன் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் காமிக்ஸைத் தொங்கவிட்டிருப்பார். வாடகைக்குத் தருவார். "கொண்டு போய்க்கோ மோளே, நாளத் தந்நா மதி" என்பார், நாளைக்குத் தந்தால் போதுமாம். அட்டை கிழிந்து, மழை ஈரத்தில் ஊறிப் போன கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள். அதில்தான் கடல்காரன் எங்களிடம் வந்து சேர்ந்தான்.

அந்தக் காலத்துக் கடல்காரன் யாருக்கும் நல்லவனில்லை. கரையில் இருக்கிறவர்கள் விஷக் கழிவைப் பீப்பாய் பீப்பாயாக அவன் கடலில் கொட்டினார்கள். அவன் ஜனங்களின் பிள்ளைகள் செத்து மிதந்தன. அவன் மேலே வந்தான். கப்பலைக் கவிழ்த்தான், துறைமுகத்துக்குள் கடலையே ஏவிவிட்டான். ஒரு கதையில், போகிற போக்கில் ஒரு மீனவனைக் காப்பாற்றுகிறான். மீனவன் கையெடுத்துக் கும்பிடுகிறான். அதற்குக் கடல்காரன் சொல்கிறான்: "நன்றியை நீயே வைத்துக்கொள். குப்பையைத் திருப்பி எடுத்துக்கொள்." அப்பாவின் கும்பிடைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு அதைப் படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, கும்பிட்டவனைப் பார்த்து இப்படியும் ஒருத்தன் பேசலாமா!

அண்ணன் அந்த வசனத்தைப் பீலியில் வைத்துச் சொல்லிக் காட்டுவான். பீலி என்றால் ஓடைத் தண்ணீரைத் தகரக் குழாய் வைத்து விழ விட்டிருக்கும் இடம். லயத்துக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். சாயங்காலம் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அண்ணன் கல்மேல் ஏறி நின்று, சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, கழுத்தில் கரியால் செவுள் வரைந்துகொண்டு கத்துவான். "எங்க தண்ணியில கைய வச்சவன் எவன்டா? வாடா வெளிய!" பெண்கள் சிரித்துச் சிரித்துக் குடத்தைச் சாய்த்துவிடுவார்கள். அம்மா மட்டும், "வாய் நீளுது இவனுக்கு, தொரை காதுல விழுந்தா தொலைஞ்சோம்" என்பாள்.

அவன் சும்மா கத்தவில்லை. தேயிலைக் காட்டில் களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிக்கிறவர்கள், வேலை முடிந்ததும் முதுகில் சுமக்கும் டாங்கியை ஓடையின் மேல் வளைவில்தான் கழுவினார்கள். அந்தத் தண்ணீர்தான் இறங்கி வந்து எங்கள் பீலியில் விழும். ஆபீஸ் உத்தரவு அது. பாக்டரிக்குக் கீழே போய்க் கழுவினால் போக வர நேரம் வீணாகிறதாம். சில நாள் பீலித் தண்ணீரில் வெள்ளையாக நுரை வரும், கெரசின் போல ஒரு வாடை அடிக்கும். நாங்கள் கொஞ்சநேரம் குழாயை ஓடவிட்டு, வாடை போனதும் பிடித்துக் குடிப்போம். வாடை போனால் விஷமும் போய்விட்டது என்று ஒரு லயமே நம்பியது, அவ்வளவு அறிவாளிகள் நாங்கள்.

சில வருஷங்களில் கடல்காரனின் கதையை வேறு ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். முதல் வேலையாக அவனுக்குச் சட்டை மாட்டினார்கள். வண்ண அட்டையில் நீல நிறச் சட்டை, நெஞ்சில் ஒரு சின்ன நங்கூரம். அப்புறம் அவன் கரை நாட்டு ராணுவத்தோடு சேர்ந்துகொண்டு எதிரியின் நீர்மூழ்கிகளைத் துரத்தினான். பீப்பாய் கொட்டினார்களே, அவர்களுக்குத்தான் சல்யூட் அடித்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். சேட்டனுக்குப் புத்தகத்தின் விலையைக் கொடுக்க வேண்டி வந்தது, போகட்டும்.

கொஞ்ச நாளில் இன்னும் கேவலமானது. அவனுக்குக் கரையில் ஒரு காதலி, பேசுகிற ஒரு டால்பின், வாராவாரம் ஒரு ஜோக். வட்ட மேஜையில் கோட்டு போட்டவர்களோடு உட்கார்ந்து, "இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்" என்று பேசினான். தூ! இதற்கு அவன் செவுளை அறுத்துக் கருவாடு போட்டிருக்கலாம்.

அண்ணன் என்னை மாதிரி எறியவில்லை. "அவனுக்கும் பக்குவம் வரணுமில்ல" என்றான். அவனுக்கு அப்போது பக்குவம் தேவைப்பட்டது. மருந்தடிக்கிற ஆட்களுக்கு அவனைச் சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். கால்முட்டி வரை சாக்ஸ், குடை, மேட்டில் தனி குவார்ட்டர்ஸ். அந்தக் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து வராது, மலை உச்சி ஊற்றிலிருந்து குழாயில் வரும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, "டாங்கிய மேல் வளைவுலயே கழுவிட்டு வாங்க, நேரத்த வீணாக்காதீங்க" என்று சொல்கிறவன் இப்போது அவனேதான்.

நான் அந்தச் சமயம் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மழைக்காலத்தில் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தியெடுத்தன. வாயோரம் புண். நான் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தான் கொடுத்தேன். காய்ச்சினால் மருந்து போகுமா? ஒரு பிள்ளை கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே போய்விட்டது. தாய்ப்பால் மறந்து தண்ணீர் குடிக்கப் பழகிய பிள்ளை. காலையில் என் தோளில்தான் தூங்கியது.

மறுநாள் பெண்கள் கூடையைத் தொடவில்லை. காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தோம். மேனேஜர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் பேசுவார். "ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக் கொழந்தைன்னா எனக்கு வலிக்காதுங்களா? விசாரிக்கறோமுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். பேசுவதற்கு அண்ணனை முன்னால் தள்ளிவிட்டார். எங்கள் ஆள், எங்கள் லயத்தில் வளர்ந்தவன், அவன் சொன்னால் கேட்போம் என்று கணக்கு.

அண்ணன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கழுவச் சொல்லி யாரும் உத்தரவு போடல. ஒரு ஆளு செஞ்ச கவனக்கொறவு இது. அவன வேலைய விட்டு நிறுத்தியாச்சு. இனி ரெண்டு பக்கமும் பொறுமையா இருக்கணும்" என்றான்.

நிறுத்தப்பட்ட ஆள் வாயில்லாப் பூச்சி. பேச்சு திக்கும், அதனால்தான் அவனைப் பிடித்தார்கள். குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துவிட்டு மஞ்சூர் பக்கம் போனான். டாங்கி கழுவுகிற இடத்தை இன்னும் கொஞ்சம் மேலே, கண்ணுக்குத் தெரியாத புதருக்குப் பின்னால் மாற்றினார்கள். பெரிய நிவாரணம்!

வேடிக்கை என்ன தெரியுமா? அதே வருஷம் கடல்காரன் கதையிலும் ஒரு ரகசியத்தை வெளியிட்டார்கள். அந்த விஷப் பீப்பாய்களைக் கொட்டியது கரை நாடு இல்லையாம். ஒரே ஒரு வில்லனின் சதியாம், ஒற்றைக் கண்ணன் ஒருத்தன். கடல்காரன் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, கரை ராஜாவிடம் மன்னிப்பு கேட்கிறான், நன்றியும் சொல்கிறான். எழுதினவன் எங்கள் பெரட்டுக்களத்துக்கு வந்து பாடம் படித்துவிட்டுப் போனானோ என்று தோன்றியது. அதோடு அந்தப் புத்தகங்களையும் அண்ணனையும் விட்டேன். கல்யாணம் காட்சி என்றால் பேசுவேன், அவ்வளவுதான்.

அப்புறம் கடல்காரன் காணாமல் போனான். வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது, சேட்டன் கடையில் கயிறு போய் செல்போன் ரீசார்ஜ் வந்தது. இனி அவன் செத்தான் என்று இருந்தேன். எங்கே விட்டார்கள்! போன சில வருஷங்களில் அவனைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், முழுக்க வண்ணம். சட்டையைக் கழற்றிவிட்டார்கள். உடம்பெல்லாம் உருண்டு திரண்ட சதை, எந்நேரமும் மழை, எந்நேரமும் முறைப்பு. பழைய வசனத்தையும் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நன்றியை நீயே வைத்துக்கொள் என்கிறானாம். உள்ளே தேடிப் பார்த்தால் பீப்பாய் எங்கேயும் இல்லை. யார் மேல் கோபம் என்று அவனுக்கும் தெரியாது, எழுதினவனுக்கும் தெரியாது. காதோரம் நரைத்தவர்கள் வாங்கி அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அண்ணன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணி செத்துப் போய்விட்டாள், மகன் திருப்பூரில் ஒற்றை அறையில் இருக்கிறான். எனக்கு வேலை இருக்கிறது, அதனால் லயத்து வீடும் இருக்கிறது. வாசலில் பெட்டியோடு நிற்கிறவனை என்ன செய்வது, கூடப் பிறந்து தொலைத்தவனாயிற்றே. உள்ளே வா என்றேன்.

வந்த இரண்டாம் நாளே கோபம் வந்துவிட்டது அவனுக்கு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த எஸ்டேட்டுக்காரனுங்க நம்மள மனுசனாவே மதிக்கல. நான் மட்டும் இப்ப உள்ள இருந்தா, நார் நாரா கிழிச்சிருப்பேன்" என்று முழங்கினான். உள்ளே இருந்தபோது யாரைக் கிழித்தாயடா, எங்களைத் தவிர?

இந்த மழைக்கு மறுபடி பீலியில் நுரை வந்தது. பிள்ளைக் காம்பராவில் மறுபடி இரண்டு பிள்ளைகளுக்கு வாயோரம் புண். மறுபடி குடத்தைத் தூக்குவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். புது மேனேஜரும் அதே பழைய பாட்டைத்தான் பாடுகிறார், மேலே கழுவச் சொல்லி எந்தக் காலத்திலும் உத்தரவு இருந்ததில்லையாம். அந்த உத்தரவை ஆபீஸிலிருந்து நேராக வாங்கினவர்களில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் என் அண்ணன். பெண்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"அண்ணே, நீங்க வந்து நின்னு ஒரு வார்த்த சொன்னா போதும். மேல கழுவச் சொன்னது ஆபீஸுதான்னு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் ஒருத்தி. இடுப்பில் இருந்த பிள்ளைக்கு உதடு வெந்து போயிருந்தது.

அண்ணன் மடியில் இருந்த கடல்காரனை மூடி வைத்தான். தொண்டையைக் கனைத்தான். "செய்யலாம்மா, செய்யலாம். ஆனா பாரு, அதெல்லாம் எப்பவோ நடந்தது. எனக்கும் சரியா ஞாபகமில்ல. வயசான காலத்துல எனக்கெதுக்கு வம்பு?"

அவர்கள் எழுந்து போனார்கள். நான்தான் கேட்டேன். "நுரை ஞாபகமிருக்கா? கரியில செவுள் வரைஞ்சது? அந்தத் திக்குவாயன் பொண்டாட்டி உன் கால்ல விழுந்து அழுதாளே, அது?" அவன் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான்.

காலையில் நான் குடத்தை எடுத்து வைத்துவிட்டுத் தலை முடிந்துகொண்டிருந்தேன். வெளியே பெண்கள் கூடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து வந்து, "தங்கச்சி, குடிக்கத் தண்ணி தா" என்றான். பீலியிலிருந்து அப்போதுதான் பிடித்து வந்திருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டு போனவன் நிறுத்தினான். ஓரத்தில் கொஞ்சம் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எந்தத் தண்ணி? ஊத்துத் தண்ணி எடுத்து வைக்கலையா?" என்றான்.

"லயத்துல ஏது ஊத்துத் தண்ணி? உன் ஆளுங்க கழுவுன தண்ணிதான். குடி" என்றேன். "ரெண்டு பக்கமும் பொறுமையா இருக்கணும்ணே."

அவன் டம்ளரைத் தரையில் வைத்தான். குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குடத்திலிருந்த மீதியை வாசலில் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பெரட்டுக்களத்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வரவில்லை.