புலியிடம் சொல்லாமல் போவது

என் அண்ணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். அவர் ஊசி குத்துவது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அந்த நிலையத்தின் வாசல் கம்பியில் யாரோ கட்டிவிட்டுப் போன நாய்தான் எங்கள் புலி. பெயர் வைத்தது அண்ணன். குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும் புலி.

அதைக் கீழ்ப்படிதல் போட்டிக்குப் பழக்கப் போவதாக அண்ணி சொன்னபோது, "முதல்ல கட்டிலுக்கடியிலேர்ந்து வெளிய கொண்டா" என்றார் அண்ணன்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்த மிடுக்கோடு ஆங்கில விதிமுறைகளைப் படித்துச் சொன்னேன். நாயை உட்கார வைத்து, "இரு" என்று ஒரே முறை சொல்லிவிட்டு, தட்டிக்குப் பின்னால் போய் மறைந்து நிற்க வேண்டும். நடுவர் நம்மைத் திரும்பக் கூப்பிடும்வரை நாய் எழுந்திருக்கக் கூடாது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் மதிப்பெண் போய்விடும்.

மற்றதெல்லாம் புலி செய்தது. இது மட்டும் நடக்கவில்லை. அண்ணி நகர்ந்தால் பின்னாலேயே ஓடிவரும்.

"கப்புக்காக இல்ல தம்பி. போனவ திரும்பி வருவான்னு இது ஒரு தடவையாவது நம்பணும்" என்றார் அண்ணி.

ஒரு நாள் வேலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னிக்கு ஒரு பயில்வான் வந்தாரு. பயப்படாதீங்கன்னேன். மனுஷன் வெளுத்துட்டாரு. நீங்க சொல்ற வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்தேங்கறாரு."

சிரிப்பு பாதியில் நின்றது. புலியைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் யாரும் "போயிட்டு வரேன்" சொல்லாமல் படி இறங்குவதில்லை. அண்ணி ஒருபடி மேலே. குனிந்து, புலியின் தாடையைத் தடவி, "போயிட்டு வந்துடுவேன், என்ன?" என்று கொஞ்சிவிட்டுத்தான் கிளம்புவார். பயிற்சியிலும் "இரு"வுக்கு முன்னால் அதே கொஞ்சல். அது தொடங்கும்போதே புலியின் காது மடங்கிவிடும்.

மறுநாளிலிருந்து சொல்லிக்கொள்வதை நிறுத்தினார். பேசப் பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம், லேசில் போகுமா? வாயைப் பொத்திக்கொண்டுகூடப் போனார். தண்ணீர் குடிக்கப் போனார், வந்தார். துணி காயப்போடப் போனார், வந்தார். வரும்போதும் கொஞ்சல் இல்லை. புலி முதலில் கூடவே வந்தது, பிறகு கதவுவரை, பிறகு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

"இப்பல்லாம் எங்கிட்டயும் சொல்லாமத்தான் போறா" என்றார் அண்ணன்.

"நீங்க பின்னாடி ஓடி வர்ற ஆளா?"

போட்டியன்று வரிசையாக ஆறு நாய்கள். அண்ணி "இரு" என்றார். உதடு இன்னொரு முறை அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் தட்டிக்குப் பின்னால் போனார்.

பக்கத்து நாய் எழுந்து ஓடியது. புலி நடுங்கியது. எழப்போவதுபோல முன்னால் சாய்ந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்து நசுக்கினார். புலி தட்டியையே பார்த்தது. பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தது.

நடுவர் கூப்பிட்டதும் அண்ணி வந்து பக்கத்தில் நின்றார், துணி காயப்போட்டுவிட்டு வந்தவர்போல. "முடிந்தது" என்று நடுவர் சொன்ன பிறகுதான் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

கப் வேறு நாய்க்குப் போனது. வீட்டில் அன்று குக்கர் விசிலடித்ததும் புலி கட்டிலுக்கடியில் பாய்ந்தது. அண்ணன் குனிந்து கூப்பிடப் போனார்.

"விடுங்க" என்றார் அண்ணி. "அதுவா வரும்."