மூன்று வருடமாகக் கை வைக்காதவை

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு கேஸ் இணைப்பு. அதே வழக்கப்படி, கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்ததும் நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமையும், கணவர் தன் புரோகிராம்களைப் போட்டு வைக்கும் இணையக் கணக்கில், அவர் பெயரிலேயே ஏற்றிவிட்டோம். "ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலதான பாக்குறோம், வூட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்றார். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. என் கணக்கை மூடிவிட்டேன்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவளுக்கு மூன்று வயதானபோது மறுபடி தேடத் தொடங்கினேன். ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டு, நான் எழுதிய புரோகிராம் ஒன்றைக் காட்டச் சொன்னது. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடிக்காத குறை.

காட்ட ஒன்றுதான் இருந்தது. அரியலூர்ப் பக்கம் என் அப்பா பட்டறை போட்டுச் சேமித்து வைக்கும் சின்ன வெங்காயம் எத்தனை நாள் அழுகாமல் தாங்கும் என்று, மழையையும் ஈரத்தையும் வைத்துச் சொல்கிற புரோகிராம்.

நேர்காணலன்று காலை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கம்பெனி பார்க்கப் போகிற கணக்கைச் சுத்தம் செய்யக் கணவர் உட்கார்ந்தார். புரோகிராமைப் போட்டு வைக்கிற இடத்தை ரெப்போ என்பார்கள். அந்தக் கணக்கு முழுக்க அவர் பாதியில் விட்ட ரெப்போக்கள். ஒவ்வொன்றாக அழித்தால் ஒவ்வொன்றின் பெயரையும் முழுதாக அடித்துக் காட்ட வேண்டும், பெரும் தொல்லை. கருப்புத் திரையில் கட்டளை அடித்து மொத்தமாக அழிக்க ஒரு கருவி இருக்கிறது. பெயர்கள் வரிசையாக வரும், வேண்டாததை டிக் செய்யலாம். அந்தப் பொறுமையும் இவருக்கு இல்லை. மூன்று வருடமாகக் கை வைக்காத எல்லாவற்றையும் எடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"குப்பையெல்லாம் போயிடுச்சு. பாரு, பளிச்சுனு இருக்கு."

"என்னோடது எங்கங்க?"

மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, அதுவும் பழசுல்ல!"

"ஆமா, பழசுதான். நான் புள்ளய வளத்துக்கிட்டு இருந்தேன்ல?" என்று கத்தினேன்.

நல்லவேளை, அழித்ததைக் கொஞ்ச நாளுக்குள் மீட்க வழி உண்டு. செட்டிங்ஸில் தேடிப் பிடித்து மீட்டோம். அது திரும்பி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மதியம் வீடியோவில் நேர்காணல். கேள்வி கேட்டவர் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "பேரு வேறயா இருக்கே மேடம், உங்க ஹஸ்பண்ட் எழுதினதா?"

"இல்லைங்க சார், நான்தான் எழுதுனேன்." ஈரம் கூடினால் கணிப்பு எங்கே தப்பும், அதை எப்படிச் சரி செய்தேன் என்று விளக்கிச் சொன்னேன்.

"ம்ம்... அவரு ஹெல்ப் பண்ணிருப்பாரு, இல்லையா?"

மகளை இடுப்பில் வைத்திருந்த கணவர் கேமராவுக்குள் குனிந்தார். "சார், அது முழுக்க அவ எழுதுனதுங்க. எனக்கு அதுல ஒரு வரி புரியாது."

"ஓ, அப்படிங்களா சார்! சரி, சரி." அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேலை கிடைத்தது. அழித்ததற்காகக் கணவர்மேல் இருந்த கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. கேள்வி கேட்ட அந்த ஆள்மேல் எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. எழுதியவள் சொன்னால் நம்ப மாட்டாராம், ஒரு வரி புரியாதவர் சொன்னால் நம்புவாராம்.