இணைப்பில் இருந்த பார்

“பார் இருக்கும் இடத்தைக் கட்டுரையில் எழுத மாட்டேன்.” போன மார்ச்சில் ரமணி எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் உள்ள வரி இது. கரமனையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் கடல் உயிரியல் ஆய்வாளன். நான் ஊர்ச் செய்திகளைத் தேதியோடு எழுதிவைப்பவன்.

பார் என்பது மீன் கூடும் கடலடிப் பாறை. விழிஞ்ஞம் மீனவர் சேவியர், கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தித் தன் பாரைக் கண்டுபிடிப்பார். என்னை நம்பித்தான் எங்கள் இருவரையும் வள்ளத்தில் ஏற்றினார்.

“சாரே, இது என் தம்பிக்கே தெரியாது கேட்டோ” என்றார்.

கட்டுரை வெளியானது. உலகில் யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று ரமணி சுட்டியை அனுப்பினான். பெருமையோடு படித்தேன். கடைசியில் பின்னிணைப்பைத் திறந்தால், பாரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தன.

உடனே போன் செய்தேன்.

“கட்டுரையில எழுதலையேடா! தரவெல்லாம் திறந்து வைக்கணும்னு பத்திரிகைக்காரா கேட்டா. இணைப்புலதான் போட்டேன். சயின்ஸ் எல்லாருக்கும் பொதுன்னு நீதானே சொல்லிண்டிருப்ப?”

சொல்லியிருக்கிறேன்தான். அவன் கொடுத்த வாக்கை என் வார்த்தையாலேயே உடைத்துவிட்டான்.

மழைக்காலம் முடிந்ததும் வெளியூர்ப் படகுகள் அந்தப் பாரில் வலை போட்டன. நடந்ததை நானே போய்ச் சேவியரிடம் சொன்னேன்.

“சாரும் கூட்டுக்காரனும் எழுதினது கொள்ளாம்” என்று மலையாளத்தில் மெச்சுவதுபோல் சொன்னவர், வள்ளத்தில் நான் உட்கார்ந்திருந்த பலகைமேல் வலையைத் தூக்கிப் போட்டார்.

அந்தப் படகுகள் இணைப்பைப் பார்த்துத்தான் வந்தனவா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அதைச் சாக்காகச் சேவியரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.