யார் கை இது?

எங்கள் நர்ஸம்மாவுக்கு முகம் ஞாபகம் இருக்காது. எதிரே போய் நின்றாலும் “யாரும்மா நீ?” என்பார். ஆனால் ஒரு தடவை பிரஷர் பட்டை சுற்றிய கையை மறக்கவே மாட்டார். இது தெரியாமல்தான் அன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டேன்.

நானும் என் ஓர்ப்படியும், அதாவது கொழுந்தன் பெண்டாட்டியும், பத்து நாள் வித்தியாசத்தில் உண்டாகியிருந்தோம். இருவருக்கும் எட்டாம் மாதம். சுகாதார நிலையத்துக்கு மூன்று மைல் நடந்து பஸ் பிடிக்க வேண்டும். நான் கல்லு மாதிரி இருப்பேன். அவளுக்கு வாசல் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். மாதாமாதம் பரிசோதனைக்குப் போய்க் கர்ப்பிணி அட்டையில் முத்திரை விழாவிட்டால் பிரசவத்துக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று எந்தப் புண்ணியவதியோ கிளப்பிவிட்டிருந்தாள். “நீ கிட, நான் பாத்துக்கறேன்” என்றேன். செவ்வாய்க்கிழமை என் அட்டையோடு போனேன். வெள்ளிக்கிழமை அவள் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் அட்டையோடு போனேன். போன மாதமும் இதே கூத்துதான். பழைய நர்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இந்த நர்ஸம்மா புதுசு. பட்டையைச் சுற்றப் போனவர், என் முழங்கைக்கு மேலே இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்து நிறுத்தினார்.

“இந்தக் கைய செவ்வாய்க்கிழமைதான பாத்தேன்? அட்டைக்காரி எங்கே?”

“வீட்லங்க. கால் வீங்கியிருக்கு. ரெண்டு நாளா தலைவலின்னு படுத்திருக்கா.”

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் ஓர்ப்படிக்குப் பட்டையைச் சுற்றினார். பிரஷர் நூற்றெழுபது. அங்கேயே ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “வலிப்பு வராம இருந்தா ரெண்டு உசுரும் பொழைச்சிக்கும்” என்றார். அங்கே டாக்டர்கள் உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அவரிடம் சொல்லிவிட்டேன்.

“போன மாசமும் நான்தாங்க வந்தேன். அந்த அட்டையில இருக்கற நல்ல அளவெல்லாம் என்னோடது. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பாவி.”

நர்ஸம்மா என்னைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

“அவ பொழைச்சு வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு” என்றார். பிறகு, “வயித்தத் தள்ளிக்கிட்டு மூணு மைல் நடங்கன்னு சொன்ன எங்களையும் நாலு சாத்து சாத்தணும்” என்றார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி அளவுதான், ஆனால் கத்தல் மட்டும் தெருவுக்கே கேட்கும். தாயும் பிழைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அதிலிருந்து வாராவாரம் வருகிறார். மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஓர்ப்படியும் குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கையை நீட்டினேன்.

“யார் கை இது?” என்று கேட்டார் நர்ஸம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

“என்னோடதுதாங்க.”

ஓர்ப்படி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தன் கையையும் நீட்டினாள்.

“இது என்னோடதுங்க. நல்லாப் பாத்து வச்சுக்குங்க. இனிமே அக்காவ அனுப்ப மாட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.